எழுவாய் இல்லாத அறிக்கைகள்: ஜெஃப்ரி ராபின்சனின் கிழக்குத் திமோர் புத்தகம்

இந்தப் புத்தகத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்று. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஐநா என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று ஐநாவே நடத்திய உள் விசாரணையின் முடிவு 2012 நவம்பரில் வெளியானது. பெட்ரி அறிக்கை என்பார்கள். அப்போதே தரவிறக்கி வைத்தேன், படித்தது பல வருஷம் கழித்துத்தான். படித்து முடித்ததும் என் பழைய வியாதி ஆரம்பித்துவிட்டது. இலங்கையோடு சம்பந்தப்பட்ட சர்வதேச ஆட்கள் அதற்கு முன்னாடி எங்கே இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று எக்செல்லில் பட்டியல் போடுவது. (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.)

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இயன் மார்ட்டின். 2003இல் அரசு–புலிகள் பேச்சுவார்த்தையில் மனித உரிமை ஆலோசகராக இருந்தவர். அதற்கு முன், 1999இல், கிழக்குத் திமோரில் ஐநா நடத்திய வாக்கெடுப்பு மிஷனின் தலைவர். அந்த மிஷனில் அவருக்குக் கீழே அரசியல் விவகார அலுவலராக இருந்த ஒருவர் பிற்பாடு அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டேன். ஆசிரியர் ஜெஃப்ரி ராபின்சன், இந்தோனேசியா பற்றி ஆய்வு செய்யும் வரலாற்றுப் பேராசிரியர், முன்பு ஆம்னெஸ்டியில் வேலை பார்த்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2010இல் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘எங்களை இங்கே விட்டுவிட்டுப் போனால் நாங்கள் செத்துப்போவோம்’. துணைத் தலைப்பு, கிழக்குத் திமோரில் இனப்படுகொலை எப்படி நிறுத்தப்பட்டது என்று. இந்தத் துணைத் தலைப்போடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில், அரசியல் விவகார அலுவலர்னா என்ன வேலை? ஐநா வேலை விளம்பரங்களை வேடிக்கை பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. நடுத்தர நிலைப் பதவிகளுக்கு முதுகலைப் பட்டமும் ஐந்து அல்லது ஏழு வருஷ அனுபவமும் கேட்பார்கள். பி.இ. முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆராய்ச்சி செய்கிற ஆளுக்கு அங்கே இடமில்லை. வேலை விவரம் என்று போட்டிருப்பதைப் படித்தால் கண்காணித்தல், பகுப்பாய்வு செய்தல், அறிக்கை தயாரித்தல், ஆலோசனை வழங்குதல் என்று போகும். நடைமுறையில், காலையில் மாவட்ட அலுவலகங்களிலிருந்து வரும் தகவல்களை வாங்க வேண்டும். பாதிரியார், ராணுவ அதிகாரி, கட்சிக்காரர், பயந்துபோய் வந்து நிற்கிற ஊர்க்காரர் என்று எல்லாரையும் பார்க்க வேண்டும். யார் சொல்வது எவ்வளவு நிஜம் என்று எடைபோட்டு, சாயங்காலம் நியூயார்க்குக்கு அனுப்புகிற மாதிரி எழுத வேண்டும். துப்பாக்கி கிடையாது, கொடுக்கப் பணம் கிடையாது, கைது செய்ய அதிகாரம் கிடையாது. கையில் இருப்பது வாக்கியம் ஒன்றுதான். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்பதுதான் இந்தப் புத்தகத்தில் என்னை இழுத்த கேள்வி.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிழக்குத் திமோர் போர்ச்சுகீசியக் காலனியாக இருந்தது. 1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியா படையெடுத்தது, அடுத்த வருஷம் தன் 27ஆவது மாகாணமாக அறிவித்தது. 1974 முதல் 1999 வரை கொல்லப்பட்டவர்களும் பட்டினியாலும் நோயாலும் செத்தவர்களும் சேர்த்து, குறைந்தபட்சம் 1,02,800 பேர் என்பது அந்த நாட்டின் உண்மை கண்டறியும் ஆணையத்தின் மதிப்பீடு. 1998இல் சுகார்த்தோ வீழ்ந்தார். பின்னால் வந்த ஹபீபி 1999 ஜனவரியில் யாரும் எதிர்பார்க்காத விதமாக, தன்னாட்சி வேண்டுமா இல்லையா, அவர்களே சொல்லட்டும் என்ற நிலைக்கு இறங்கி வந்தார். மே 5 அன்று நியூயார்க்கில் இந்தோனேசியா, போர்ச்சுகல், ஐநா மூன்றும் ஒப்பந்தம் போட்டன. வாக்கெடுப்பை ஐநா நடத்தும். பாதுகாப்பு இந்தோனேசியாவின் பொறுப்பு.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். 24 வருஷம் அங்கே ஆட்களைக் கொன்ற ராணுவம், உள்ளூர் ஆட்களை வைத்து மிலிஷியா என்ற ஆயுதக் கும்பல்களை வளர்த்துவிட்ட ராணுவம், அதே ஊரில் வாக்கெடுப்புக்குக் காவல். ஒப்பந்தம் அவர்களிடம் கேட்டது முழு நடுநிலைமை! ஐநாவின் யுனாமெட் மிஷனுக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் ஆலோசனை சொல்ல 280 போலீஸ்காரர்கள், தொடர்பாளர்களாக 50 ராணுவ அதிகாரிகள். ஆயுதம் ஏந்திய அமைதிப்படை கிடையாது. நம் தொழிலில் இப்படி ஒரு ஸ்பெக் வந்தால் முதல் கூட்டத்திலேயே யாராவது கை தூக்குவார்கள். அங்கேயும் தூக்கினார்கள். ஹபீபி திறந்த கதவு எந்த நேரமும் மூடிவிடும் என்ற பயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ராபின்சன் புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதி எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வன்முறையை யார் செய்தார்கள் என்ற கேள்வி. ஜகார்த்தாவின் பதில், திமோர்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், நாங்கள் நடுவில் நிற்கிறோம் என்பது. இதைக் கேட்டுவிட்டு அறிக்கை எழுத உட்காரும் அலுவலருக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘ஒருங்கிணைப்பு ஆதரவாளர்களுக்கும் விடுதலை ஆதரவாளர்களுக்கும் இடையே மோதல் நிகழ்ந்தது’ என்று எழுதிவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். வாக்கியத்தில் பொய்யும் இல்லை, இரண்டு தரப்பும் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வேற்றுமை உருபில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ராபின்சன் இதை எப்படி உடைக்கிறார் என்பதை ஒரு புரோகிராமராக ரசித்தேன். அவர் லாக் படிப்பது மாதிரி படிக்கிறார். எங்கே, எப்போது, எந்த முறையில் என்று சம்பவங்களை வரிசைப்படுத்துகிறார். மிலிஷியா வலுவாக இருக்கும் மாவட்டமும் வன்முறை அதிகமான மாவட்டமும் ஒத்துப்போகின்றன. அதைவிட முக்கியம், வன்முறை நிற்கும் நேரங்கள். ஆகஸ்ட் 30, வாக்குப்பதிவு நாள். அன்று ஒரு உள்ளூர் ஐநா ஊழியர் கொல்லப்பட்டார், அது உண்மை. ஆனாலும் நாடு முழுவதும் பார்த்தால் அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட முடியாத அமைதி. ஐநா பாதுகாப்புச் சபைத் தூதுக்குழு செப்டம்பரில் திலிக்கு வந்தபோதும் அப்படித்தான், எரிந்துகொண்டிருந்த நகரம் சட்டென்று அடங்கியது. கட்டுக்கடங்காத கும்பல் என்றால் விருந்தாளி வரும் நாள் அதற்குத் தெரியுமா? ஸ்விட்ச் இருக்கிறது, அதன் மேல் ஒரு கை இருக்கிறது. தனித்தனிச் சம்பவமாகப் பார்த்தால் தெரியாத கை, வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

1999 ஜூலையில் கசிந்த கர்னாடி ஆவணமும் இதில் வருகிறது. வாக்கெடுப்பில் தோற்கும்பட்சத்தில் ஆட்களை மேற்குத் திமோருக்கு வெளியேற்றுவது பற்றியும், போகிற வழியில் முக்கியமான கட்டடங்களை அழிப்பது பற்றியும் பேசுகிற அரசாங்க உள்குறிப்பு. போலி என்று ஜகார்த்தா மறுத்தது. செப்டம்பரில் நடந்தது ஏறத்தாழ அதுதான்.

என் சொந்தக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், இந்தப் பகுதி ஏன் என்னைக் குத்தியது என்பதற்காக. பல வருஷம் முன்னாடி ஒரு பில்லிங் புராஜெக்ட். பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு மாற்றுகிறோம். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராது என்று எனக்குத் தெரியும், சோதித்தும் பார்த்திருந்தேன். ரிஸ்க் பட்டியலில் சிவப்பு போட்டு, ‘இந்த மாட்யூலை எழுதிய குழு சோதனையைத் தவிர்த்துவிட்டது’ என்று எழுதினேன். மேலே இருந்தவர் நல்ல மனுஷன்தான், தோளில் கை போட்டுச் சொன்னார். சிவப்பு வேணாம்ப்பா, மஞ்சள் போடு, யார் பேரும் வேணாம். மாற்றினேன். ‘சில முரண்பாடுகள் காணப்படலாம்’ என்று ஆனது அந்த வரி. மாதக் கடைசியில் தப்புத் தப்பாக பில் போனது. வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியது கால்சென்டர் பிள்ளைகள். யாரும் சாகவில்லை. ஆனால் என் வாக்கியத்திலிருந்து எழுவாய் எப்படிக் காணாமல் போனது என்று எனக்குத் தெரியும். யாரும் மிரட்டவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை. தோளில் ஒரு கை, அவ்வளவுதான்.

சரி, திலிக்கு வருவோம்.

பதிவு செய்தவர்கள் 4,51,792 பேர். வாக்களித்தவர்கள் 98 சதவீதத்துக்கு மேல். ஊர்வாரியாக எண்ணினால் எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்று தெரிந்துவிடும், பழிவாங்குவார்கள் என்று எல்லாப் பெட்டிகளையும் திலிக்குக் கொண்டுவந்து, கலந்து, ஒரே மொத்தமாக எண்ணினார்கள். செப்டம்பர் 4 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. தன்னாட்சியை நிராகரித்தவர்கள் 78.5 சதவீதம், அதாவது விடுதலை. ஊர் தெரியாததால் என்ன ஆயிற்று? நாட்டையே எரித்தார்கள். அந்த வருஷம் முழுவதும் கொல்லப்பட்டவர்கள் 1,200க்கும் 1,500க்கும் இடையில் என்று மதிப்பிடுகிறார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி சாம்பல். சுமார் இரண்டரை லட்சம் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள், அல்லது லாரியில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டார்கள்.

திலியில் ஐநா தலைமையகம் ஒரு பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள், செப்டம்பர் 5 இரவு துப்பாக்கிச் சத்தம் நெருங்கியதும், முள்கம்பி போட்ட சுவர் ஏறிக் குதித்து ஐநா வளாகத்துக்குள் வந்தார்கள். குழந்தைகளைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். உள்ளே ஒரு கட்டத்தில் 1,500 பேருக்கு மேல். தண்ணீர் குறைந்துகொண்டே போனது, வெளியே நகரம் எரிந்தது. செப்டம்பர் 8 அன்று எல்லாரையும் வெளியேற்றலாம் என்ற முடிவு வந்தது. ‘எல்லாரும்’ என்றால் வெளிநாட்டு ஊழியர்களும் உள்ளூர் ஊழியர்களும். சுவர் ஏறி வந்தவர்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

செய்தி வளாகத்தில் பரவியதும் நடந்தவற்றை ராபின்சன் எழுதும் பக்கங்களை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்று தெரிந்த குடும்பங்கள் இருட்டில் பின்பக்க மலையில் ஏறித் தப்பிக்கப் பார்க்கின்றன. ஊழியர்கள் பலர் நாங்கள் போகமாட்டோம் என்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள். பத்திரிகையாளர்களில் மேரி கோல்வின் உட்பட சிலர் அங்கேயே தங்கி உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவு தள்ளிப்போடப்படுகிறது. செப்டம்பர் 10 அன்று பெரும்பாலான ஊழியர்கள் டார்வினுக்குப் பறக்க, எண்பது பேர் வாக்கில் விருப்பப்பட்டு அகதிகளோடு தங்கிவிடுகிறார்கள். 12ஆம் தேதி ஹபீபி சர்வதேசப் படைக்குச் சம்மதிக்கிறார். 14ஆம் தேதி வளாகத்திலிருந்த 1,400க்கும் மேற்பட்ட அகதிகளையும் ஆஸ்திரேலியா விமானத்தில் ஏற்றி டார்வினுக்குக் கொண்டுபோகிறது. 15ஆம் தேதி பாதுகாப்புச் சபைத் தீர்மானம், 20ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையில் படை வந்து இறங்குகிறது.

அரசியல் அலுவலரின் வேலை விவரத்தில் இதில் எதுவுமே கிடையாது. கண்காணி, எழுது, அனுப்பு. இருந்துகொண்டே இரு என்று எங்கும் எழுதவில்லை. வாக்கியத்தை நல்லபடி எழுதி அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தால் அந்த எண்பது பேரில் ஒருவரும் தங்கியிருக்க மாட்டார்கள். ராபின்சனின் வாதம் என்னவென்றால், படை வந்ததற்குப் பல காரணங்கள் இருக்கின்றன (ஊடகம், தேவாலயம், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு அழுத்தம், ஸ்ரெப்ரெனிட்சாவும் ருவாண்டாவும் அப்போதுதான் நடந்து முடிந்த அவமானம்), ஆனால் அந்தச் சில நாட்கள் ஐநா திலியில் இருந்ததும் அந்தக் காரணங்களில் ஒன்று. எனக்கு இது சரியாகவே படுகிறது. காரணம் திலியில் இல்லை, மற்ற ஊர்களில் இருக்கிறது. சுவாய் நகரில் ஐநா ஆட்கள் வெளியேறிய பிறகு, செப்டம்பர் 6 அன்று, தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களைக் கொன்றார்கள், மூன்று பாதிரியார்களையும் சேர்த்து. மலியானாவில் போலீஸ் நிலையத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை 8ஆம் தேதி தேடித் தேடிக் கொன்றார்கள். அங்கேயும் ஐநா அதற்கு முன்பே கிளம்பியாகிவிட்டது.

என் முதல் குறை இங்கேதான். ராபின்சன் சுவாயையும் மலியானாவையும் மறைக்கவில்லை, விவரமாகவே எழுதுகிறார். ஆனால் புத்தகத்தின் சூடு முழுக்க திலி வளாகத்தில் இருக்கிறது, அவர் அங்கே இருந்தார் என்பதால். ‘நாங்கள் போகவில்லை’ என்ற கதைக்குப் பக்கத்திலேயே ‘நாங்கள் போய்விட்டோம்’ என்ற கதையும் அதே மிஷனுக்குச் சொந்தம். மாவட்ட அலுவலகங்களை மூடும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, கிளம்பும் வண்டியிலிருந்து பார்த்த முகங்கள் யாருடையவை என்பதற்கு இன்னும் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். சாட்சி எழுதும் வரலாற்றில் இந்தக் கோணல் தவிர்க்க முடியாததுதான். அவர் நின்ற இடத்தில் வெளிச்சம் அதிகம்.

இரண்டாவது, அந்தத் துணைத் தலைப்பு. இதே ராபின்சன் 2003இல் ஐநா மனித உரிமை அலுவலகத்துக்காக 1999 வன்முறை பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதன் தலைப்பில் இருந்த சொல் ‘மானுடத்துக்கு எதிரான குற்றங்கள்’. ஏழு வருஷம் கழித்துப் புத்தக அட்டையில் ‘இனப்படுகொலை’ வந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் நடந்ததற்கு அந்தச் சொல் பொருந்தும் என்று அவர் வாதிடுவதில் வலு இருக்கிறது. 1999இல் அது தடுக்கப்பட்டது என்று சொல்ல, தடுக்காவிட்டால் நடந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். அதை யாராலும் நிரூபிக்க முடியாது. அறிக்கையில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைத்த மனிதர் அட்டையில் கொஞ்சம் தராசைக் கீழே வைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. பதிப்பகத்தின் கை இருக்கலாம், தெரியாது.

மூன்றாவது குறையை முழுக்க அவர் தலையில் போட மாட்டேன். பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தே வாக்கெடுப்பை நடத்தியது சரியா? இரண்டு முறை தேதியைத் தள்ளியும் கடைசியில் நடத்தினார்கள். திமோர்த் தலைவர்களே, சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்த ஷனானா குஸ்மாவோ உட்பட, நடத்தத்தான் வேண்டும் என்றார்கள். மக்கள் 98 சதவீதம் வந்து வரிசையில் நின்றார்கள். இதற்கு மேல் வெளியாள் என்ன சொல்வது என்பது ராபின்சனின் பக்கம். நியாயம்தான். ஆனாலும் மக்களின் துணிச்சலை எடுத்து ஒப்பந்தத்தின் ஓட்டையை மூடுவது மாதிரி எனக்கு ஒரு உறுத்தல். துணிந்து வந்தது அவர்கள். அந்த ஓட்டையோடு கையெழுத்துப் போட்டது வேறு ஆட்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது கிளிநொச்சியை நினைக்காமல் ஒரு தமிழ் வாசகர் தாண்டிப் போக முடியாது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும் ஐநா வன்னியிலிருந்து வெளியேறியது. மக்கள் அலுவலக வாசலில் கூடி, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். இரண்டும் ஒன்றல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் இருந்தது அமைதி மிஷன் அல்ல, நிவாரண அமைப்புகளின் குழு. வாக்கெடுப்பு ஒப்பந்தமும் இல்லை, பாதுகாப்புச் சபை பின்னால் நிற்கவும் இல்லை. தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை, மேலே ராபின்சனுக்குச் சொன்ன குறை எனக்கும் பொருந்தும்.

ஆனால் வாக்கியம் ஒப்பிடத்தக்கது. பெட்ரி அறிக்கையில் எனக்கு அதிகம் உறைத்த கண்டுபிடிப்பு அதுதான். ஐநாவிடம் சாவு எண்ணிக்கை இருந்தது, சேகரித்திருந்தார்கள், வெளியிடவில்லை. குண்டு விழுவதைப் பற்றிப் பேசிய பொது அறிக்கைகளில், அதைப் போட்டது அரசுப் படை என்ற பொறுப்பு ஏறக்குறைய எங்குமே சொல்லப்படவில்லை. புலிகள் மக்களைத் தடுத்து வைத்ததைச் சொல்லும் இடத்தில் எழுவாய் இருந்தது, அது சரியும்கூட. மற்ற பக்கம் வரும்போது குண்டுகள் தாமாகவே விழுந்தன. கொழும்பில் அந்த வரைவுகளைத் திருத்தியவர்களும் பெரும்பாலும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். நிவாரண லாரிக்கு நாளைக்கு அனுமதி வேண்டும், விசா புதுப்பிக்க வேண்டும். தோளில் ஒரு கை.

ராபின்சனின் எழுவாய்கள் மட்டும் எதைச் சாதித்தன என்று யாராவது கேட்டால் பதில் சங்கடமானது. 2003இல் கிழக்குத் திமோரின் வழக்குத் தொடுப்பாளர்கள், 1999இல் இந்தோனேசிய ராணுவத் தளபதியாக இருந்த விரான்டோ மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அவர் ஒருநாள்கூட நீதிமன்றத்தில் நிற்கவில்லை, பிற்பாடு அமைச்சரானார். ஜகார்த்தாவின் சிறப்பு நீதிமன்றம் 18 பேரை விசாரித்து ஆறு பேரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடுகளில் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள்.

படிக்க நினைப்பவர்கள் இயன் மார்ட்டின் 2001இல் எழுதிய மெல்லிய புத்தகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதே நாட்கள், அதே வளாகம், ஆனால் வெளியேறும் பரிந்துரையில் பெயர் போட வேண்டியிருந்த ஆளின் இடத்திலிருந்து. ஊழியர்கள் செத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ராபின்சன் உணர்ச்சியோடு சொல்லும் இரவை அவர் தேதி, நேரம், தொலைபேசி அழைப்பு என்று வறட்சியாகச் சொல்கிறார். எனக்கு அந்த வறட்சியும் பிடித்திருந்தது.

அடுத்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஐநா ஆவணங்களைப் பொதுவாக 20 வருஷம் கழித்துப் பார்க்கக் கேட்கலாம், ரகசியக் கேபிள்களுக்கு மட்டும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 1999க்கு அந்தக் கெடு முடிந்து பல வருஷமாகிறது. செப்டம்பர் 8 சாயங்காலம் திலியிலிருந்து நியூயார்க்குக்குப் போன கேபிளைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வார இறுதியில் அனுப்புகிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.